ஷோரூம் எஸ்டிமேட்டை வரி வரியாகப் படிப்பது எப்படி? புதிதாகக் கார் வாங்கிய டெல்டாக்காரர்களுக்கு

இரண்டு வருஷத்துக்கு முன், மாசி மாதம். சம்பா அறுவடை முடிகிற நேரம். மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் போகிற சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். தினமும் அதன் ஓரமாகத்தான் போய் வந்தேன். ஒரு நாள் ஏசி போட்டால் ஃபேன் இரைகிறது, காற்று வரவில்லை. வண்டியை ஷோரூமில் விட்டேன். மதியம் சர்வீஸ் அட்வைசரிடமிருந்து போன் வந்தது. "சார், புளோயர் மோட்டார் வீக் ஆயிடுச்சு. லேபரோட 7,400 வரும், மாத்திடலாமா?"

சாயங்காலம் வந்து சொல்கிறேன் என்று போனை வைத்தேன். போய், வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து எங்கள் தெருக்கோடிப் பட்டறையில் நிறுத்தினேன். பட்டறை பாய் கிளவ் பாக்ஸைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த ஏசி ஃபில்டரை உருவித் தரையில் தட்டினார். உமியும் பதரும் தூசியுமாக ஒரு கைப்பிடி கொட்டியது. ஃபில்டரின் மடிப்புகளுக்குள் வைக்கோல் துணுக்குகள் ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு நின்றன. "இது மூச்சு விட்டாத்தானே தம்பி காத்து வரும்" என்றார். புது ஃபில்டர் 420 ரூபாய், மாட்டிக்கொடுக்க 50 ரூபாய். அந்த புளோயர் மோட்டார் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது.

அந்த சர்வீஸ் அட்வைசர் என்னை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஷோரூம் வேலை நடக்கிற விதமே வேறு. ஒரு வண்டிக்கு இத்தனை நேரம் என்று கணக்கு, அட்வைசருக்கு மாத டார்கெட், பழுதைத் தேடிக்கொண்டிருக்க ஆளில்லை. காற்று வரவில்லையா, மோட்டாரை மாற்று. பாகத்தை முழுசாக மாற்றினால் பில்லும் உண்டு, அதே புகாரோடு வண்டி திரும்பி வராது என்ற நிம்மதியும் உண்டு. அதனால் உங்களுக்கு வருகிற எஸ்டிமேட்டை அவர்கள் தரப்பு யோசனை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வரிக்குச் சம்மதம், எந்த வரிக்கு இல்லை என்று முடிவு செய்கிற உரிமை முழுக்க உங்களுடையது. புதிதாகக் கார் வாங்கியவர்கள் பலருக்கு இது தெரியாமல், மொத்தத் தொகையைப் பார்த்துப் பதறி, "சரி, பண்ணிடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை.

வண்டியை விடுவதற்கு முந்தின நாள்

முதலில் வண்டியோடு வந்த மேனுவலை எடுங்கள். அதன் பின்பகுதியில் சர்வீஸ் அட்டவணை இருக்கும்: எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை மாதத்தில் எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று. உங்கள் வண்டி இப்போது ஓடியிருக்கிற கிலோமீட்டருக்கு நேரே உள்ளதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் நிற்கும்போது உங்கள் கையில் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான். தூசு அதிகமான இடங்களில் ஏர் ஃபில்டரை முன்னதாகவே மாற்றச் சொல்லும் குறிப்பும் அதிலேயே இருக்கும். அறுவடைக் காலத்து டெல்டா சாலை அந்தக் குறிப்புக்குக் கட்டாயம் பொருந்தும். ஆகவே ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் மாற்றச் சொன்னால் எடுத்தவுடன் சந்தேகப்பட வேண்டாம். கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிறகு, வண்டிக்கு என்ன கோளாறு என்று ஒரு தாளில் எழுதுங்கள். கோளாறை மட்டும் எழுதுங்கள், வைத்தியத்தை எழுதாதீர்கள். "ப்ரேக் பேட் மாத்தணும்" என்று நீங்களே சொன்னால் மாற்றிவிடுவார்கள், பில்லும் வரும், சத்தம் மட்டும் அப்படியே இருக்கலாம். "காலையில் முதல் பத்து நிமிஷம் ப்ரேக் பிடிக்கும்போது முன்பக்கம் இடது சக்கரத்தில் கீச்சென்று சத்தம், பிறகு நின்றுவிடுகிறது" என்று எழுதினால் தேட வேண்டிய வேலை அவர்களுடையதாகிவிடும். இரவு மழையில் நின்ற வண்டியின் ப்ரேக் டிஸ்க்கில் லேசாகத் துரு பிடித்து, நாலு தடவை ப்ரேக் போட்டதும் தேய்ந்து போவது ஐப்பசி கார்த்திகையில் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். அதற்குச் செலவே இல்லை.

சில வேலைகளுக்கு ஷோரூமே வேண்டாம். ஏசி ஃபில்டர் பெரும்பாலான வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். எஞ்சின் ஏர் ஃபில்டர் பல சின்னக் கார்களில் மூன்று நான்கு கிளிப்புக்குள் அடங்கிவிடும். வைப்பர் பிளேடு, ஃபியூஸ், பின்விளக்கு பல்பு எல்லாமே ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தால் வருகிற வேலை. பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், எஞ்சினை நிறுத்தி, கம்பியைக் கழற்றி (மைனஸ் பக்கம் முதலில்), வெந்நீர் விட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் இது சீக்கிரம் பூக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று பேட்டரியையே மாற்றப் போகிறவர்களில் சிலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

எஸ்டிமேட் கைக்கு வந்ததும்

வாயால் சொல்கிற தொகைக்குத் தலையாட்டாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். அதில் ஒவ்வொரு வரியையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள்: அட்டவணையில் இருப்பது, நீங்கள் சொன்ன கோளாறுக்கானது, இந்த இரண்டிலும் சேராதது. மூன்றாவது வகையில்தான் பணம் கரைகிறது. இன்ஜெக்டர் கிளீனிங் (எரிபொருளைத் தெளிக்கிற பாகத்தைக் கழுவுவது), டீகார்பனைசிங் (எஞ்சினுக்குள் படிந்த கரியை எடுப்பது), த்ராட்டில் பாடி கிளீனிங் (எஞ்சினுக்குள் காற்று போகிற வாயைச் சுத்தம் செய்வது), ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன், எஞ்சின் ரூம் பாலிஷ், இன்டீரியர் ட்ரீட்மென்ட், டயருக்கு நைட்ரஜன். இவற்றில் சிலதுக்கு எப்போதாவது தேவை வரும், இல்லை என்று சொல்லவில்லை. வண்டி நன்றாக இழுக்கிறது, ஐடிலில் (நின்றபடி எஞ்சின் ஓடும்போது) நடுங்கவில்லை, மைலேஜ் குறையவில்லை என்றால் 10,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு இன்ஜெக்டர் கிளீனிங் எதற்கு? நைட்ரஜன் விஷயத்தில், நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பெட்ரோல் பங்கில் காற்று பார்த்தால் போதும்.

மீதி இருக்கிற வரிகளுக்கு அளவு கேளுங்கள். "வீக்", "தேஞ்சுபோச்சு", "டார்க் ஆயிடுச்சு" என்ற சொற்களுக்குப் பதிலாக எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். ப்ரேக் பேட் என்றால் எத்தனை மில்லிமீட்டர்? புதுப் பேட் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும், 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றியே ஆக வேண்டும். 6, 7 இருந்தால் அடுத்த சர்வீஸில் பார்க்கலாம். பேட்டரி என்றால் எத்தனை வோல்ட்? இரவு முழுக்கச் சும்மா நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் சார்ஜ் இல்லை என்று அர்த்தம். அப்போதும் சார்ஜ் போட்டு, லோடு டெஸ்ட் (பேட்டரி மேல் பாரம் ஏற்றி வோல்ட் பார்ப்பது) செய்து பார்த்த பிறகுதான் பேட்டரி போய்விட்டதா என்று சொல்ல முடியும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் வர வேண்டும். அது வரவில்லை என்றால் கோளாறு, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கலாம். புதுப் பேட்டரி போட்டாலும் அது ஒரு வாரத்தில் இறங்கிவிடும்.

என் தங்கை பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்குத் தினமும் காரில் வேலைக்குப் போகிறவள். அவளுக்கு ஒரு தடவை முன் ப்ரேக் பேட், டிஸ்க் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் வந்தது. தனியாகப் போகிற பெண்களிடம் "சேஃப்டி மேடம், ரிஸ்க் எடுக்காதீங்க" என்ற பேச்சு கொஞ்சம் கூடுதலாகவே வரும் என்பாள். "எத்தனை மில்லிமீட்டர் இருக்குன்னு அளந்து போட்டோ அனுப்புங்க" என்று மட்டும் சொன்னாள். அரை மணி நேரம் கழித்துப் படம் வந்தது. 7 மில்லிமீட்டர். எஸ்டிமேட்டிலிருந்து இரண்டு வரிகளும் போயின. அவள் சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை.

ஆயிலிலும் ஒரு கண் வேண்டும். சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு மூன்று, மூன்றரை லிட்டர் போதும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு, எந்த கிரேடு என்பது மேனுவலில் இருக்கும். பில்லில் அதைவிடக் கூடுதலான லிட்டர் இருந்தால் காரணம் கேளுங்கள்.

வரியும் எம்ஆர்பியும்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பெட்டியில் அச்சடித்த எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. பில்லில் பாகத்தின் அடிப்படை விலையைப் போட்டு, அதன்மேல் ஜிஎஸ்டி போட்டிருப்பார்கள். இரண்டும் சேர்ந்து எம்ஆர்பியைத் தாண்டக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிப் பாகங்களுக்கு ஒரே மாதிரி 18 சதவீதம். அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. ஒரு ஃபில்டரின் எம்ஆர்பி 590 ரூபாய் என்றால், பில்லில் 500 ரூபாயும் 90 ரூபாய் வரியும் இருக்க வேண்டும். 590 போட்டு அதன்மேல் இன்னொரு 18 சதவீதம் சேர்த்து 696 ரூபாய் 20 காசு என்று வந்திருந்தால், அங்கேயே நின்று பெட்டியைக் காட்டிக் கேளுங்கள். லேபருக்கும் 18 சதவீதம் வரி உண்டு. லேபருக்கு எம்ஆர்பி கிடையாது என்பதால், பேரம் பேச இடமிருப்பது அங்கேதான். "கன்ஸ்யூமபிள்ஸ்" என்று ஒரு வரி தனியாக இருந்தால் உள்ளே என்னென்ன என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும்போது

ஜாப் கார்டு என்பது வண்டியை விடும்போது செய்ய வேண்டிய வேலைகளை எழுதிக் கையெழுத்து வாங்குகிற தாள். அதில் கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட இரண்டு வாக்கியம் எழுதுங்கள். ஒன்று: "என்னைக் கேட்டு எழுத்தில் சம்மதம் வாங்காமல் கூடுதல் வேலை எதுவும் செய்யக் கூடாது." இரண்டு: "கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவும்." வாரண்டியில் இலவசமாக மாற்றிய பாகத்தைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று அவர்கள் வைத்துக்கொள்வார்கள். அது சரி. நீங்கள் காசு கொடுத்து மாற்றியதைக் கேட்கலாம். தமிழில் எழுதலாம், தயக்கமே வேண்டாம். எழுதிய பக்கத்தையும் கிலோமீட்டர் மீட்டரையும் பெட்ரோல் முள்ளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு இடத்தில் கேட்பது

தொகை உங்களுக்குப் பெரிதாகப் பட்டால், வண்டியை எடுத்துக்கொண்டு வர உங்களுக்கு உரிமை உண்டு. சோதித்துப் பார்த்ததற்கு ஒரு கட்டணம் கேட்பார்கள். அது எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, சீர்காழி பக்கம் உள்ளவர்களுக்கு ஷோரூம் நெடுந்தூரம் என்பதால், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, முடிச்சுட்டே போயிடலாம்" என்று தோன்றும். வண்டி ஓட்டுவதற்குப் பத்திரமாக இருக்கிற வரை அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டியை நம்பிப் பிழைக்கிறவர்களைக் கேளுங்கள். கும்பகோணத்தில் நவக்கிரகக் கோயில்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற டிரைவர்கள், வேளாங்கண்ணியில் டாக்ஸி ஓட்டுகிறவர்கள், உங்கள் ஊர் கார் ஸ்டாண்டில் நிற்கிற அண்ணன்மார்கள். ஒரு நாள் வண்டி படுத்தால் அன்றைய வருமானம் போகிறது என்பதால் அவர்கள் அரைகுறை ஆளிடம் போக மாட்டார்கள். மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டு, இரண்டு பேர் ஒரே பட்டறையைச் சொன்னால் அங்கே போகலாம். உங்கள் மாடல் வண்டி அங்கே ஏற்கெனவே நிற்கிறதா என்றும் பாருங்கள். ஒயரிங் கோளாறுக்கு மெக்கானிக்கைவிட ஆட்டோ எலக்ட்ரீஷியனே சரியான ஆள்.

எலி விஷயத்தைச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடினதும் எலி வீட்டுப் பக்கம் வரும், நிறுத்தி வைத்த காரின் எஞ்சினுக்குள் வெதுவெதுப்பாகப் படுத்துக்கொள்ளும், ஒயரைக் கடிக்கும். எங்கள் பக்கத்து வீட்டு மாமா வண்டியில் நாலு ஒயர் கடிபட்டதற்கு ஒயரிங் கிட்டையே முழுசாக மாற்ற வேண்டும் என்று 32,000 ரூபாய் எஸ்டிமேட் வந்தது. எலக்ட்ரீஷியன் கடிபட்ட இடத்தை மட்டும் வெட்டி, அதே தடிமன் ஒயர் வைத்து, ஈயம் பற்றவைத்து, ஸ்லீவ் மாட்டிக் கொடுத்தார். 800 ரூபாய். ஆனால் கடிபட்டது ஏர்பேக் ஒயரோ ஏபிஎஸ் (ப்ரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு) ஒயரோ என்றால் இந்த வழிக்குப் போகாதீர்கள். அது கம்பெனி செய்ய வேண்டிய வேலை.

வெளியில் பாகம் வாங்கும்போது பார்ட் நம்பரைக் கையில் வைத்திருங்கள். ஷோரூம் எஸ்டிமேட்டிலேயே அது இருக்கும், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். கார் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியில் வருகிற பாகத்தைப் பல சமயம் போஷ், லூகாஸ் டிவிஎஸ், ரானே, பிரேக்ஸ் இந்தியா போன்ற உதிரிப் பாகக் கம்பெனிகள்தான் செய்து கொடுக்கின்றன. அவர்களுடைய சொந்தப் பெட்டியிலும் பல பாகங்கள் கடையில் கிடைக்கும், விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும். அடையாளம் தெரியாத பெட்டியில் பாதி விலைக்குக் கிடைக்கிற ப்ரேக் பேடையும் ஆயில் ஃபில்டரையும் தொடவே தொடாதீர்கள். கடை பில் கட்டாயம் வாங்குங்கள்.

வாரண்டி போய்விடும் என்று சொன்னால்

இந்த ஒரு பயத்தை வைத்தே நிறையப் பில் போடப்படுகிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. வெளியில் செய்த வேலையே ஒரு பாகத்தைக் கெடுத்திருந்தால் அந்தப் பாகத்துக்கு வாரண்டி கேட்க முடியாது, அது நியாயம்தான்.

நடைமுறையில் நான் சொல்வது இது. வாரண்டி இருக்கிற வரை அட்டவணைப்படி வருகிற சர்வீஸை ஷோரூமிலேயே, குறித்த தேதிக்குள் செய்யுங்கள். கூடுதல் வரிகளை மட்டும் அடித்துவிடுங்கள். இலவச சர்வீஸ் என்பதில் பெரும்பாலும் லேபர்தான் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். வைப்பர், ஏசி ஃபில்டர், பல்பு, டயர் எல்லாம் வெளியில் பார்த்தால் ஒன்றும் ஆகாது. எலக்ட்ரிக்கலில் கூடுதலாக ஹாரன், ஃபாக் லேம்ப் என்று ஒயரை வெட்டி மாட்டுவதை மட்டும் வாரண்டிக் காலத்தில் தவிருங்கள்.

பேரம் பேசாமல் ஷோரூமுக்கே போக வேண்டியவை

ஏர்பேக் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு, ஸ்டீயரிங் கோளாறு, புதுச் சாவி ப்ரோகிராம் செய்வது, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், ஹைப்ரிட் அல்லது எலக்ட்ரிக் வண்டியின் பெரிய பேட்டரி. இவற்றில் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கம்பெனியே குறை கண்டு திரும்ப அழைக்கிற ரீகால் வேலைக்குக் காசே இல்லை. சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் உங்கள் வண்டி அதில் இருக்கிறதா என்று சொல்வார்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுங்கள்.

மழைக்காலத்தில் வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் ஒரு தடவை சாவியைத் திருப்புவதிலேயே எஞ்சினுக்குள் பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். ஆயிரக்கணக்கில் முடிந்திருக்க வேண்டிய செலவு லட்சத்தைத் தொடலாம். படம் எடுங்கள், இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். எஞ்சினுக்கான கூடுதல் பாதுகாப்பு உங்கள் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று புரட்டாசிக்குள் பார்த்து வைப்பது நல்லது. தண்ணீரில் ஸ்டார்ட் செய்து கெட்ட எஞ்சினுக்கு அது இல்லாமல் பணம் வாங்குவது பெரும்பாடு.

செய்யாத வேலைக்குப் பில் வந்துவிட்டால்

முதலில் சர்வீஸ் மேனேஜரைப் பாருங்கள், அட்வைசரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஜாப் கார்டு படம், எஸ்டிமேட், பில் மூன்றையும் மேசையில் வைத்து, எந்த வரி என்று விரலால் காட்டுங்கள். பெரும்பாலும் அங்கேயே குறைத்துவிடுவார்கள். குறைக்காவிட்டால் கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பேச்சாகப் பேசியதற்குச் சாட்சி இருக்காது. அதற்கும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஷோரூம் திருச்சியில் இருந்து, உங்கள் வீடு கூத்தாநல்லூரில் இருந்தால் திருவாரூரிலேயே கொடுக்கலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே வாதாடலாம். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்திருந்தால் அது அங்கே பேசும்.

இத்தனைக்கும் சேர்த்து ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி கிளவ் பாக்ஸில் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, பாகத்தின் பெயர், விலை, எங்கே செய்தது. பில்களை அதிலேயே பின் அடித்து வையுங்கள். ஆறு மாதம் முன்பு மாற்றியதை மறுபடி மாற்றச் சொல்லும்போது பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம். வண்டியை விற்கும்போதும் வாங்குகிறவர் அந்த நோட்டைப் பார்த்து நம்பி விலை பேசுவார். என் நோட்டில் மாசி மாதப் பக்கங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: ஏசி ஃபில்டர் தட்டியது, வண்டிக்கு அடியில் சைலன்ஸர் பக்கம் சுற்றியிருந்த வைக்கோலை எடுத்தது, செலவு இல்லை.